வேண்டாம் என்றவர்களுக்கு எத்தனை தோசை

அன்பு மைத்துனர் பிரெட்ரிக் அவர்களுக்கு,

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து உங்கள் ரீத்தா அக்காவின் கணவன் அமலநாதன் எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உங்கள் அக்காவும் மகள் ஐலீனும் நலம். விடுமுறைக்கு வந்திருக்கும் உங்கள் மகள் பிரவீனா எங்கள் மூவரையும்விட நலம். காலையில் இரண்டாவது ரொட்டி சானாயையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். பெக்கான் நானாஸில் நீங்களும் தேன்மொழியும் உங்கள் டயர் கடையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம். கொடுத்தனுப்பிய அன்னாசிப் பழங்கள் வந்து சேர்ந்தன. அவற்றை வைத்து ரீத்தா பச்சடி செய்தாள், ஊறுகாய் போட்டாள், நேற்று ரசமும் வைத்தாள். இனி அடுத்த பருவத்துக்கு அனுப்பினால் போதும்.

வாட்சாப்பில் நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். “அத்தான், பிரவீனா கம்ப்யூட்டர் சயன்ஸும் ஃபைனான்ஸும் சேத்துத்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. உங்க ஐலீன் படிச்சது அதானே. சரிப்படுமா, படாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க. சரிப்படாதுனா நீங்களே அவகிட்ட பேசி மனசை மாத்தி அனுப்புங்க” என்று எழுதியிருந்தீர்கள். ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் ஒரே வார்த்தையில் பதில் கேட்பது, டயர் கடைக்காரரிடம் போய்க் காற்று மட்டும் போதும் என்பதைப் போன்றது. போடுவார், ஆனால் மனம் வராது. வாட்சாப்பில் நீளமாக எழுதினாலோ, பாதியில் மடங்கி “மேலும் படிக்க” என்று நின்றுவிடுகிறது. நீங்கள் அந்த இடத்தைத் தொடுகிறவர் இல்லை என்பது, மாமனாரின் நினைவுப் பூசைக்கு நான் நேரம் எழுதி, நீங்கள் பூசை முடிந்து நாற்காலிகளை அடுக்கும்போது வந்தீர்களே, அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் தாளில் எழுதுகிறேன். தாளும் மடங்கித்தான் வரும். ஆனால் பிரிக்காமல் இருக்க உங்களால் முடியாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். இரண்டில் ஒன்றைப் படிக்கட்டும். இந்த வார முடிவில் பெயர் பதிவு முடிகிறது என்கிறாள். அதற்குள் நீங்கள் தைரியமாக மறுத்துவிடலாம். காரணங்களை ஐலீனின் கதையாகவே சொல்கிறேன்.

இரண்டையும் சேர்த்துப் படிப்பதென்றால் என்ன என்பதற்கு ஓர் உதாரணம். ஒரு பெண் ஒரே வீட்டில் இரண்டு மாமியாருக்கு மருமகளாகப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாமியாரின் அடுப்படியில் அவள் நிற்கும்போது, “எங்க போயிட்டா, வேலைவெட்டி இல்லாம?” என்று அந்த மாமியார் கேட்பார். அங்கே ஓடினால் இவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இரண்டு அடுப்படியிலும் வெங்காயம் உரித்துக் கண் சிவந்தவளைப் பார்த்து இரண்டு பேருமே, “பாவம், இவளுக்கு ஒண்ணும் தெரியல” என்பார்கள். ஐலீனின் கல்லூரி ஸ்கூடாய்ப் பக்கம் இருந்தது. அங்கே கணினித் துறைக்கு ஒரு கட்டடம், நிதித் துறைக்கு ஒரு கட்டடம், நடுவில் கூரையில்லாத கார் நிறுத்துமிடம். வெயிலிலும் மழையிலும் அந்த இடத்தைக் குறுக்கே கடந்தே படித்து முடித்த பிள்ளை அவள். பட்டமளிப்பு விழாவில் அவளுடைய குடைக்கும் ஒரு சால்வை போட்டிருக்க வேண்டும் என்று ரீத்தா இன்றும் சொல்கிறாள்.

கஷ்டம் படிக்கிறவளோடு நின்றால் பரவாயில்லை. கணினி படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்கு, கெட்டுப்போன பிரிண்டர்களைத் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர்கள் வருவார்கள். நிதி படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்குத் தங்கம் இறங்குமா என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். இரண்டும் படிக்கும் வீட்டுக்கு ஒரே ஆள் இரண்டையும் சுமந்துகொண்டு வருவார். எங்கள் தெருவில் ஷாமளா என்று ஒருவர், கோவிலில் பாடற்குழுவை நடத்துகிறவர். ஒருநாள் மடிக்கணினியைக் குழந்தையைப்போலத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். “ஐலீன், இது ஆன் ஆவ மாட்டேங்குது. பாத்துக்கிட்டே ஒண்ணு சொல்லுமா, சேமநிதிய இப்ப எடுத்துரலாமா, கெடக்கட்டுமா?” என்றார். ஐலீன் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஆன்ட்டி, உள்ள முழுக்க எறும்பு” என்றாள். “சேமநிதியிலயா?” என்று ஷாமளா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொடுத்துத் தெளியவைத்தது நான்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. மீனை ஒரே கடையில் வாங்கக் கூடாது, ஒன்றில் விலை ஏறினால் மற்றது தாங்கும் என்று நிதித் துறையில் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தக் கடைக்கு எப்போது போகலாம் என்று கணக்கிடக் கணினித் துறையில் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டையும் சேர்த்து அவள் எழுதித் தந்த பாதையில் நான் காரை ஓட்டினேன். பெர்மாஸ் ஜெயாவின் எல்லாச் சாலை நெரிசலையும் பார்த்துவிட்டு வீடு திரும்பும்போது மீன் ஒரு மாதிரியாகியிருந்தது. மிச்சம் பிடித்ததை பெட்ரோல் குடித்துவிட்டது. “அப்பா, கோட்பாடு சரிதான். நீங்க ஓட்டுறதுதான் ஸ்லோ” என்றாள்.

இதெல்லாம் சின்ன விஷயம். கடைசி வருடத்தில் செய்ய வேண்டிய ஆய்வுத் திட்டத்தில்தான் எங்கள் குடும்பமே மாட்டிக்கொண்டது. அந்தத் திட்டத்தில் கணினியும் இருக்க வேண்டும், நிதியும் இருக்க வேண்டும். கணினித் துறையில் டாக்டர் நோரைனி, நிதித் துறையில் டாக்டர் லிம், இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் பட்டம் இல்லை. ஐலீன் ரொம்ப யோசித்து எங்கள் கோவில் கேன்டீனைத் தேர்ந்தெடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசைக்குப் பிறகு நாங்கள் கேன்டீன் நடத்துவது உங்களுக்குத் தெரியும். முறை வைத்துக் குடும்பங்கள் சமைக்கும், வரும்படி கூரை மாற்றும் நிதிக்குப் போகும். அதற்கு நான் தலைவர். அடுப்புக்குத் தலைவர் மனோகரன். எத்தனை பேருக்குச் சமைப்பது என்பதை மனோகரன் வானத்தைப் பார்த்து முடிவு செய்வார். மேகம் இருந்தால் கூட்டம் குறையும் என்பது அவருடைய கணக்கு. மேகம் இருந்த நாளில் மழைக்கு ஒதுங்கியவர்களும் சேர்ந்து சாப்பிடுவார்கள்; இல்லாத நாளில் எல்லாரும் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். ஒரு வாரம் பற்றாக்குறை, மறுவாரம் மீந்துபோகும். இதைச் சரிசெய்ய ஒரு செயலி எழுதப்போவதாக ஐலீன் சொன்னாள். எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று முன்கூட்டியே கணிப்பது கணினிப் பகுதி. முன்னாலேயே சொல்லிவைப்பவர்களுக்கு விலையைக் குறைத்துக் கொடுப்பது நிதிப் பகுதி. கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்.

முதல் வெள்ளிக்கிழமை எல்லார் கைப்பேசிக்கும் கேள்வி போயிற்று: “ஞாயிறு பூசைக்குப் பிறகு சாப்பிடுவீர்களா?” அன்று மாலைக்குள் ஏறக்குறைய எல்லாரும் பதில் போட்டுவிட்டார்கள். ஏறக்குறைய எல்லாரும் “வேண்டாம்” என்று போட்டிருந்தார்கள். மனோகரன் திகைத்துப்போய், “என்ன ஐலீன், இவ்ளோ பேருதானா? தவக்காலம்கூட இல்லையே?” என்று கேட்டார். “அங்கிள், அவங்களே போட்டது. தரவு பொய் சொல்லாது” என்றாள் ஐலீன். மனோகரன் வானத்தை ஒருமுறை பார்த்தார், பிறகு படிப்புக்கு மரியாதை கொடுத்து, சின்னச் சட்டியை எடுத்தார்.

ஞாயிறன்று இறுதிப் பாட்டு முடியும் முன்பே தோசை முடிந்துவிட்டது. பாடற்குழு பாடி முடித்துவிட்டுத்தான் வரும் அல்லவா? ஷாமளா வந்து நின்று காலித் தட்டைப் பார்த்தார், ஐலீனைப் பார்த்தார்.

“எங்களுக்கு எங்க?”

“ஆன்ட்டி, நீங்க வேண்டாம்னு போட்டிருந்தீங்களே.”

“போட்டேன். அதுக்காக இல்லைனு சொல்லிருவியா?”

“வேண்டாம்னா வேண்டாம்தானே ஆன்ட்டி?”

“அலமாக்! ஒரு தடவை கேட்டா யாராச்சும் வேணும்னு சொல்லுவாங்களா லா? நாங்க என்ன காணாததக் கண்டவங்களா? வேண்டாம்னு சொன்னா, இன்னொரு தடவை கேக்கணும், கையப் பிடிச்சு உக்கார வைக்கணும். அமலநாதன் சார், பிள்ளைய நல்லாத்தான் படிக்க வைக்கிறீங்க!”

அவர் சொன்னதில் நியாயம் இல்லையா? நம் வீட்டுக்கு வந்து “சாப்பிட்டியா?” என்ற முதல் கேள்விக்கு “இல்லை, பசிக்குது” என்று பதில் சொன்ன விருந்தாளி யாராவது உண்டா? நீங்களே எங்கள் வீட்டுக்கு வந்தால், “இப்பத்தான்க்கா சாப்பிட்டு வந்தேன்” என்று சொல்லிக்கொண்டேதான் நாற்காலியை இழுப்பீர்கள். இந்தச் சின்ன விஷயம் ஐலீன் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை. கணினிக்கு ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை. நிதிக்கும் அப்படித்தான். நமக்கு, இல்லை என்றால் இன்னும் ஒருமுறை கேள் என்று பொருள்.

ஐலீன் மனம் தளரவில்லை. செயலியை மாற்றி எழுதினாள். இப்போது அது மூன்று முறை கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினால், “கொஞ்சமாவது?” என்றது. அதற்கும் வேண்டாம் என்றால், “எங்களுக்காக?” என்றது. மூன்றாவது கேள்வியை ரீத்தாவின் குரலிலேயே பதிவுசெய்து போட்டிருந்தாள். பிரெட்ரிக், உங்கள் அக்கா “எங்களுக்காக” என்று கேட்டு மறுத்தவர்கள் உண்டா? ஒருவர் பாக்கியில்லாமல் சரி என்று அழுத்திவிட்டார்கள். நிஜமாகவே வர முடியாதவர்களும் அழுத்தினார்கள். கல்யாணத்துக்காகக் கோலாலம்பூருக்குக் கிளம்பிவிட்ட ஒரு குடும்பம், நெடுஞ்சாலையில் வண்டியை நிறுத்திவைத்து அழுத்தியதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அந்தக் குரலுக்கு மறுத்துவிட்டுப் பயணம் போக அவர்களுக்கு மனம் இல்லையாம். முன்பதிவுக்கு விலை குறைவு என்பதால், வந்தாலும் வராவிட்டாலும் இருக்கட்டும் என்று இரட்டிப்பாகப் போட்டவர்களும் உண்டு.

எண்ணிக்கையைப் பார்த்த மனோகரனுக்குக் கண் கலங்கிவிட்டது. “சார், கூரையே மாத்திரலாம்” என்றார். சனிக்கிழமை மாவு அரைத்து, பாத்திரங்கள் போதாமல் தண்ணீர்த் தொட்டிகளைக் கழுவி அவற்றில் ஊற்றி, கோவில் பண்டக அறையில் வைத்தோம். ஜோகூர் புழுக்கத்தில் மாவு சும்மா இருக்குமா? காலையில் கதவைத் திறந்தால், அது எங்களை வரவேற்க வாசல்வரை வந்திருந்தது. பாடற்குழுவின் அலமாரிக்குள் புகுந்து இசைப்பெட்டியை மூடியிருந்தது. அன்றைக்கு ஷாமளா எந்தக் கட்டையை அழுத்தினாலும் அது எழும்பி வர நேரம் எடுத்துக்கொண்டது. வழக்கமான பூசையே அடக்கப் பூசைபோல இழுத்து இழுத்து நடந்தது. முடிந்ததும், சாப்பிட வருவதாகச் சொன்னவர்களில் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்கள், “இப்பத்தான் சாப்பிட்டோம்” என்றார்கள். முதல் தடவை தட்டு காலியான பயத்தில் வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருந்தார்கள்; அந்த முறை அது உண்மையாகவே இருந்தது.

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் தோசை, தோசை உப்புமா, தோசையைப் பிய்த்துப் போட்ட ஏதோ ஒன்று. பெயர் கேட்டால் ரீத்தா கோபித்துக்கொண்டாள்.

ஐலீன் முதலில் டாக்டர் நோரைனியிடம் போனாள். “உன் செயலி எழுதியபடி ஒழுங்காகத்தான் ஓடுகிறது. தவறு விலையில். டாக்டர் லிம்மைப் பார்” என்றார் அவர். கார் நிறுத்துமிடத்தைக் கடந்து டாக்டர் லிம்மிடம் போனாள். “விலை வைத்த முறை சரி. தவறு கேள்வி கேட்கும் செயலியில். டாக்டர் நோரைனியைப் பார்” என்றார் இவர். இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் புன்னகையோடு சொன்னார்கள். அதுதான் பிள்ளைக்குத் தாங்க முடியவில்லை. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, “அப்பா, நான் ஃபைனான்ஸ விட்டுர்றேன். ஒண்ணு போதும்” என்று அழுதாள். என்ன சொன்னாலும் ஒரு துறைக்குத்தான் பொருந்தும். சூடாக மைலோ கலக்கிக் கொடுத்தேன்.

அந்த நேரத்தில் ரீத்தா ஷாமளாவோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள். உங்கள் அக்கா பேசினால் வீடு முழுக்கக் கேட்கும். “நமக்கென்னங்க, ரெண்டு தோசை. மனோகரன் வீட்டைப் பாருங்க, இருக்கிறது ரெண்டு பேரு, போறது ஆறு பேரு சாப்பாடு. அந்தக் கடைசி வீட்டு அம்மா வடைய மட்டும் எண்ணவே மாட்டாங்க. ஃபாதருக்கு இனிப்பு கூடாது, ஆனா யாரும் பாக்கலைனா ரெண்டு கேசரி…” ஐலீன் மேசையிலிருந்து தலையைத் தூக்கினாள். கண்ணைத் துடைத்தாள். மைலோவை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாவது செயலி ஒருவரிடமும் அவரைப் பற்றிக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டைப் பற்றிக் கேட்டது! “மனோகரன் வீட்டில் எவ்வளவு சாப்பிடுவார்கள்?” என்று ஷாமளாவிடம் கேட்டது. “ஷாமளா வீட்டில்?” என்று எங்களிடம் கேட்டது. சரியாகச் சொன்னவருக்கு கேன்டீனில் ஆற்றி நுரைத்த தே தாரிக் ஒரு குவளை இலவசம். அடிக்கடி சரியாகச் சொல்கிறவரின் சொல்லுக்கு மதிப்புக் கூடும், தவறாகச் சொல்கிறவருடையது குறையும். வகுப்பில் எப்போதும் சரியாக விடை சொல்லும் பிள்ளை கை தூக்கினால் ஆசிரியர் கண் அங்கே போகும் அல்லவா, அதைப்போல. இதில் எது கணினி, எது நிதி என்று கேட்காதீர்கள். பிரித்தால் இரண்டுமே நின்றுவிடும் என்று ஐலீன் சொன்னாள். நம் ஆட்களுக்குத் தன் பசியைச் சொல்லத்தான் கூச்சம், அடுத்தவர் பசியைச் சொல்ல என்ன கூச்சம்? கேள்வி போன வேகத்தில் பதில் வந்து குவிந்தது. ஆங்கிலப் பூசைக்குப் போகிறவர்கள்கூடத் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த ஞாயிறு தோசையும் சரியாக இருந்தது, சட்னியும் சரியாக இருந்தது. கடைசிக் கேசரியை ஃபாதர் சாப்பிட்டார், யாரும் பார்க்கவில்லை.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஐலீன் நிதித் துறை வழக்கப்படி ஒவ்வொரு வீட்டின் பெயருக்கும் பக்கத்தில் அம்புக்குறி போட்டிருந்தாள்: அந்த வீட்டுச் சாப்பாடு ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. சில வாரங்களில் எங்கள் கோவில் பங்கு மக்கள் எல்லாரும் அம்புக்குறி பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஃபாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “சார், நான் பிரசங்கம் பண்றேன், பின் பெஞ்சுல ஒருத்தர் ‘மனோகரன் ஏறிட்டார்’னு சொல்றார். மோட்சத்துக்கானு நானும் ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன்” என்றார். ஷாமளா உடம்பைக் குறைப்பதற்காகத் தோசையைக் குறைத்தார். அவரை நம்பிக் கூட்டிச் சொன்னவர்களெல்லாம் தே தாரிக்கை இழந்தார்கள், அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “நான் எறங்குனதுக்கு எல்லாரும் கை தட்டணும் லா, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காங்க!” என்று அவர் எங்கள் வீட்டில் வந்து அழுதார்.

மனோகரன் தன் பெயருக்கு எதிரே எப்போதும் பச்சையே இருப்பதைக் கண்டு கொதித்துப்போனார். “ரெண்டு பேரு இருக்கிற வீட்டுக்கு ஆறு பேரு சாப்பாடுனு எவன் சொல்றான்? இந்த ஞாயித்துக்கிழமை நான் ஒண்ணையும் தொட மாட்டேன். எல்லாரும் தோத்துப்போவட்டும்” என்று சபதம் செய்துவிட்டு, வெறும் வயிற்றோடு அடுப்பு முன்னால் நின்றார். பசித்த மனிதன் சமைத்தால் என்ன ஆகும்? கண் வடையிலேயே இருந்தது, கை சாம்பாரில் இரண்டாவது முறையும் உப்பைப் போட்டது, பிறகு மறந்துபோய் மூன்றாவது முறையும் போட்டது. அன்று அந்தச் சாம்பாரை ஒருவராலும் வாயில் வைக்க முடியவில்லை. எல்லா வீடும் சிவப்பு. ஐலீன் கைப்பேசியைப் பார்த்து, “அப்பா, சந்தை சரிஞ்சிருச்சு” என்றாள். மனோகரன் மட்டும் யாரும் பார்க்காத நேரத்தில் பின்கதவுப் பக்கம் போய், வடையை வெறும் வாயில் தின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன். பார்த்ததாகச் சொல்லவில்லை.

ஐலீன் அம்புகளையும் பெயர்களையும் எடுத்துவிட்டு மொத்த எண்ணிக்கை மட்டும் தெரியும்படி மாற்றினாள். சண்டை அடங்கியது. அதற்குள் திட்டத்தை விளக்கும் நாள் வந்துவிட்டது. குடும்பத்தாரும் வரலாம் என்றார்கள். ரீத்தா ஒரு பெரிய தட்டு நிறைய உருளைக்கிழங்கு வைத்துக் கறிபாப் பொரித்து எடுத்துக்கொண்டாள். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். ஐலீன் அரைமணி நேரம் அழகாக விளக்கினாள். பிறகு அந்த இரண்டு பேரும் பேசினார்கள். ஆங்கிலத்தில்தான் பேசினார்கள், நான் நம் பேச்சில் எழுதுகிறேன்.

“நல்லா இருக்கு. ஆனா இது கம்ப்யூட்டர் ப்ராஜெக்ட் இல்ல. பந்தயம் மாதிரி இருக்கு, அது ஃபைனான்ஸ்தானே” என்றார் டாக்டர் நோரைனி.

“எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா இது ஃபைனான்ஸ் இல்ல. கேள்வி பதில் எல்லாம் கம்ப்யூட்டர் பக்கம்தான்” என்றார் டாக்டர் லிம்.

ஐலீனின் முகம் வாடிவிட்டது. கையெழுத்து இரண்டு மேசைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டு யாரும் தொடாமல் ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருக்க உங்கள் அக்காவால் முடியவில்லை. எழுந்து போய் நீட்டினாள். “அய்யோ வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டேன்” என்றார் டாக்டர் லிம். “எனக்கும் வேண்டாம், தேங்க்யூ” என்றார் டாக்டர் நோரைனி.

ஐலீன் நிமிர்ந்தாள். டாக்டர் நோரைனி பக்கம் திரும்பி, “மேடம், டாக்டர் லிம் எத்தனை சாப்பிடுவார்?” என்று கேட்டாள்.

“நாலு” என்று அவர் யோசிக்காமல் சொன்னார். “ஒவ்வொரு மீட்டிங்கிலயும் பாக்கிறேனே.”

“அப்படியா?” என்றார் டாக்டர் லிம். “நான் சொல்றேன், இவங்க ரெண்டு சாப்பிடுவாங்க. மூணாவதை டிஷ்யூல சுத்திக் கைப்பையில வச்சுக்குவாங்க.”

பிறகு ரீத்தா இன்னும் ஒருமுறை தட்டை நீட்டி, “எங்களுக்காக” என்றாள். தமிழில்தான் சொன்னாள். டாக்டர் லிம் நான்கு சாப்பிட்டார். டாக்டர் நோரைனி இரண்டு சாப்பிட்டுவிட்டு, மூன்றாவதை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். கூடமே அவருடைய கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் அவரே சிரித்துவிட்டு டிஷ்யூ கேட்டார். அந்த எண்ணெய்க் கையோடு இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அதன் பிறகும் நிம்மதி உண்டா? இப்போது அந்தத் திட்டம் எங்கள் துறையுடையது என்று இரண்டு துறையும் சொல்கின்றன. கார் நிறுத்துமிடத்தின் இந்தப் பக்கச் சுவரிலும் ஐலீனின் படம், அந்தப் பக்கச் சுவரிலும் ஐலீனின் படம். வேலைக்கு அவள் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போகிறாள். அங்கே கணினிப் பிரிவில் இருப்பவர்கள், “நீ ஃபைனான்ஸ் ஆள்” என்கிறார்களாம். நிதிப் பிரிவில் இருப்பவர்கள், “நீ கம்ப்யூட்டர் ஆள்” என்கிறார்களாம். சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பிரிவும் அவளைத் தங்கள் மேசைக்குக் கூப்பிடுகின்றன. பிள்ளை இரண்டு இடத்திலும் சாப்பிட்டு எடை கூடிவிட்டாள்.

ஆகவே பிரெட்ரிக், என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்கிறேன். இரண்டும் வேண்டாம். பிரவீனா கெட்டிக்காரப் பிள்ளை. கணினி படித்தால் கணினியில் நன்றாக வருவாள், நிதி படித்தால் நிதியில் நன்றாக வருவாள். இரண்டையும் படித்தால் வாழ்நாள் முழுவதும் யாராவது ஒருவர் அவளை அடுத்த கட்டடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார். இன்று மாலை பக்கத்தில் உட்கார வைத்து, இந்தக் கதை முழுவதையும் அவளிடமே சொல்லப்போகிறேன். கேட்டால் தானாக மனம் மாறிவிடுவாள். நீங்கள் கவலைப்படாமல் இருங்கள்.

தேன்மொழிக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். கடையில் தூக்கத் தகாத டயரை நீங்களே தூக்க வேண்டாம், முதுகு உங்களுடையது. அன்னை மரியாள் உங்கள் வீட்டையும் தொழிலையும் காத்து நடத்த வேண்டிக்கொண்டு நிறுத்துகிறேன்.

என்றும் உங்கள் நலம் நாடும்
அத்தான் அமலநாதன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒரு நாள் ஆகிவிட்டது. நேற்று மாலை எதையும் விடாமல் பிரவீனாவிடம் சொன்னேன். மாவு பொங்கியதற்கு அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முடிந்ததும் பயப்படுவாள் என்று காத்திருந்தேன். “மாமா, பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் முன்னாலயே பேசி வச்சுக்கிட்டுப் பொய் சொன்னா, செயலி எப்படிக் கண்டுபிடிக்கும்?” என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. ஐலீனைக் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. அவள் அதைப் பற்றி டாக்டர் லிம்முக்கு எழுதினாள். அவர், டாக்டர் நோரைனியைக் கேட்கச் சொன்னார். எனக்கு விடை தெரியாத கேள்வியைக் கேட்ட பிள்ளையை நான் ஒருநாளும் வகுப்புக்கு வெளியே நிறுத்தியதில்லை. அதனால் இன்று காலை ஸ்கூடாய்க்குக் கூட்டிப்போய் இரண்டுக்குமே பெயரைப் பதிந்துவிட்டு வந்தோம். பாதுகாவலர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உங்களுக்குக் கோபம் வந்தால் என்னைக் கூப்பிடாதீர்கள், உங்கள் அக்காவைக் கூப்பிடுங்கள். அந்தப் பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தது அவள்தான். பிரவீனாவுக்கு ஒரு நல்ல குடை மட்டும் வாங்கி வையுங்கள்.